பார்வைக்கு எட்டாத மூலை

கணினி விளையாட்டைப் பற்றி, அதிலும் திகில் விளையாட்டைப் பற்றி இங்கே எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். நம் பிள்ளைகள் எதில் மனம் செலுத்துகிறார்கள் என்பதை நாம் அறிந்திருப்பது நல்லது. கல்லூரியில் பயிலும் என் மகன் வழியாக அறிந்ததைப் பகிர்கிறேன்.

1998இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட 'ரெசிடெண்ட் ஈவில் 2' விளையாட்டில், கேமரா அறைக்கு அறை ஓரிடத்தில் அசையாமல் நிற்கும். அறைகள் முன்னரே உருவாக்கப்பட்ட படங்கள். நடமாடும் உருவங்கள் மட்டுமே முப்பரிமாணம் கொண்டவை. அன்றைய பிளேஸ்டேஷனின் ஆற்றல் அவ்வளவே. அந்தக் குறையிலிருந்தே அச்சம் பிறந்தது: திருப்பத்துக்கு அப்பால் காலடியோசை கேட்கும், வருவது எதுவென்று தெரியாது. 2019இல் மறுஆக்கம் வெளிவந்தபோது, கேமரா கதைமாந்தரின் தோளுக்குப் பின்னால் இடம்பெயர்ந்தது. திரும்பிப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

ரசிகர்கள் சிலர் அந்தப் பழைய பார்வையை இழக்க விரும்பவில்லை. நிறுவனம் கேட்காமலே, 'மாட்' எனப்படும் மாற்றுநிரல்களை எழுதி, கேமராவை மீண்டும் நிலைநிறுத்தினர். அது எளிய வேலையன்று. காட்சி மாறும்போது நடக்கும் திசை குழம்பக் கூடாது. திரையில் தென்படாத எதிரியைக் குறிபார்க்கவும் வழி வேண்டும்.

என் பணி இதற்கு நேர்மாறானது. மறைமலை நகரிலிருந்து ஷிப்ட் பேருந்தில் ஒரகடம் சென்று, ஒரு தொழிற்சாலையின் கண்காணிப்பு அறையில் அமர்பவன் நான். திரையில் படாத ஒரு மூலையில் ஃபோர்க்லிப்ட் வண்டி ஆளை மோதிவிடக்கூடும். ஆகவே மறைவிடங்களைத் தேடி ஒழிப்பதே எங்கள் வேலை. “அத்தா, கதவு தெரியும்படி கேமராவை வைத்தால் பயமே இருக்காது” என்று மகன் விளக்கியபோது முதலில் சிரிப்புத்தான் வந்தது.

நான் இரவுப் பணியில் இருக்கையில் அவன் என்ன செய்கிறான் என்று பார்க்க, வீட்டிலும் கேமரா பொருத்தும்படி உறவினர் ஒருவர் யோசனை கூறினார். மறுத்துவிட்டேன். பிறரைத் துருவித் துருவி ஆராய்வதைத் திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் தடுக்கிறது. தொழிற்சாலையில் எல்லா மூலையும் தெரிய வேண்டும்; உயிர் காக்கும் செயல் அது. வளர்ந்த பிள்ளையின் மனத்திலோ சில மூலைகள் அவனுக்கே உரியவை. அங்கே நடப்பதை அவனே வந்து சொல்லும் நம்பிக்கையை வளர்ப்பது நம் பொறுப்பு.

இஷாத் தொழுகைக்குப் பின் ஒரு மணி நேரம் மட்டுமே விளையாட்டு என்று இருவரும் பேசி முடிவு செய்துள்ளோம். விடுமுறை நாளில் நானும் அருகில் அமர்கிறேன். அவன் எங்கே அஞ்சுகிறான், எதற்குச் சிரிக்கிறான் என்பதை அப்படித்தான் அறிந்துகொண்டேன்.