பாவித்த சப்பாத்து வாங்கலாமா?

ஒருவர் கட்டிய சேலையை வாங்கிக் கட்ட நாம் தயங்குவதில்லை. ஒருவர் போட்ட சப்பாத்து என்றால் மட்டும் கூசுகிறோம். அடுத்தவர் செருப்பில் கால் வைத்தால் அவர் பீடை நம்மைப் பிடிக்கும் என்பார் என் அப்பாயி. பசறைப் பக்கத் தோட்டமொன்றில் அவர் காலமெல்லாம் வெறுங்காலோடு கொழுந்து பறித்தவர்.

இந்தக் கூச்சத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. 1983 ஜூலை வன்செயலில் பதுளை நகரம் எரிந்தபோது எங்கள் உறவினர் பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். பிறகு அங்கும் யுத்தம் துரத்தியது. முகாமில் வரிசையில் நின்று, கொடுத்த உடுப்பை அளவு பாராமல் வாங்கியவர்களுக்குப் பழைய பொருளைக் கண்டால் அந்த நாள்தான் நினைவுக்கு வரும். ஆனால் சொந்தக் காசில், பார்த்துப் பேரம் பேசி வாங்குவது நிவாரணம் ஆகாது. பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று திரும்பி வர நமக்கு உரிமை இருக்கிறது.

2024 இல் என் அக்கா மகளுக்குப் பதுளையில் நேர்முகப் பரீட்சை. தோட்டத்தில் நாட்கூலி 2021 மார்ச்சில்தான் 1,000 ரூபாயானது. 2024 செப்டெம்பரில் 1,350 ஆனது. புதிய தோல் சப்பாத்து ஒரு வாரக் கூலியை விழுங்கிவிடும். மலிவான ரெக்சின் சப்பாத்தோ வடகீழ்ப் பருவமழை ஒன்றிலேயே தோலுரிந்துவிடும். அதனால் பாவித்த கறுப்புத் தோல் சப்பாத்தொன்றை 1,800 ரூபாய்க்கு வாங்கினோம். அடி தைக்க 400 ரூபாய் போனது. அதைப் போட்டுக்கொண்டுதான் அவள் இன்றும் வேலைக்குப் போகிறாள்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை சில. சப்பாத்தை வளைத்துப் பாருங்கள். நல்ல தோலில் மெல்லிய சுருக்கம் விழும். ரெக்சினில் வெடிப்புத் தெரியும். அடியை நகத்தால் அழுத்துங்கள். பொலியூரிதேன் என்னும் மென்மையான அடி, போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் ஈரக்காற்றில் சில வருடங்களில் உக்கி உதிரும். மேற்புறம் புதிது போல் மின்னுவதை நம்ப வேண்டாம். தையல் போட்ட அடியை மாற்றித் தைக்கலாம். குதி ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தாலும், உள்ளே முந்தியவரின் கால் பள்ளம் ஆழமாகப் பதிந்திருந்தாலும் விட்டுவிடுங்கள். செருப்பில்லாமல் நடந்து வளர்ந்த கால் அகலமாக இருக்கும். ஆகவே இலக்கத்தை மட்டும் பாராமல், கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போட்டு நடந்து பாருங்கள். வீட்டுக்குக் கொண்டு வந்ததும் உள்ளே துடைத்து, கடதாசி அடைத்து நிழலில் உலர்த்துங்கள். அடுப்படியில் வைத்தால் தோல் வெடிக்கும்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. வளரும் பிள்ளைக்கு நெடுநாள் தேய்ந்த சப்பாத்து வேண்டாம். சீனி வருத்தம் உள்ளவர்களும், ஷெல் காயத்தால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்களும் பாவித்ததைத் தவிர்ப்பதே நல்லது. உரசிப் புண்ணானாலும் அவர்களுக்குத் தெரிய வராது. என் சின்னம்மா மகள் 2009 இல் ஒரு காலை இழந்தவள். செயற்கைக் காலை ஒரு குறித்த குதி உயரத்துக்கே பொருத்துகிறார்கள். உயரம் மாறினால் நடை மாறும், இடுப்பு வலிக்கும், விழவும் நேரலாம். அவள் கடைக்குப் போகும்போது பழைய சப்பாத்தை எடுத்துப் போய், குதியோடு குதி வைத்துப் பார்த்தே வாங்குவாள்.

கடைசியாகக் கணக்கு. வாங்கும் விலையோடு தைக்கும் கூலியையும் சேர்த்துப் பாருங்கள். அது புதியதன் பாதி விலையைத் தாண்டினால், இன்னும் இரண்டு மாதம் சேமித்துப் புதியதையே வாங்கலாம். தாண்டாவிட்டால் கூச்சப்படாமல் வாங்குங்கள், சகோதரிகளே. நேர்முகப் பரீட்சையில் சப்பாத்து யாருடையது என்று எவரும் கேட்கப் போவதில்லை. கால் வலிக்காமல் நிமிர்ந்து நடந்தால் போதும்.