ளகரம் தெரியாத மாப்பிள்ளை

முன்னெல்லாம் வரன் பார்க்க ஜாதகம் போதும். இப்போது வாட்ஸ்அப்பும் பொருந்த வேண்டியிருக்கிறது.

தோழி ஒருத்தி நல்ல வரனைத் தட்டிக் கழித்துவிட்டாள். காரணம் கேட்டேன். "பையன் தங்கம்தான்டி. ஆனா 'உங்கலுக்கு என்ன கலர் பிடிக்கும்'னு அனுப்புறான். பார்த்ததும் மனசு விட்டுப்போச்சு!"

அவள் ஆபீசில் ஒரு பஞ்சாபிப் பெண் இருக்கிறாள். "நான் சாப்பிட்டான்" என்பாள். கேட்கிற பையன்கள் எல்லாம் உருகிப்போகிறார்களாம். வெளியூர்க்காரி தப்பாகப் பேசினால் முயற்சி, அழகு. நம்மூர்ப் பையன் தப்பாக எழுதினால் படிக்காதவன், அக்கறை இல்லாதவன். இதில் மொழிப்பற்று எவ்வளவு, அந்தஸ்து பார்ப்பது எவ்வளவு?

2016-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜூலி போலண்ட், ராபின் குவீன் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அறைத்தோழர் தேடும் விளம்பரத்துக்கு வந்த பதில்கள் போலச் சில மின்னஞ்சல்களைப் படிக்கக் கொடுத்தார்கள். அவற்றிலிருந்த இலக்கணப் பிழைகளை அதிகம் பெரிதுபடுத்தியவர்கள், பிறரோடு அனுசரித்துப் போகும் குணம் குறைந்தவர்கள். ஆக, பிழை மீதான கோபம் எழுதியவரைப் பற்றி மட்டுமல்ல, படிப்பவரைப் பற்றியும் சொல்கிறது!

இயக்குநர் பாலசந்தரின் 'ஏக் துஜே கே லியே' (1981) இந்திப் பட நாயகனுக்கு இந்தி வராது, நாயகிக்குத் தமிழ் வராது; ஆனாலும் காதல் வந்தது. படம் வடக்கே சக்கைப்போடு போட்டது.

எழுத்துப் பிழையைக் கல்யாணத்துக்கு அப்புறம்கூடத் திருத்திக்கொள்ளலாம். மரியாதை இல்லாத பேச்சு சுத்தத் தமிழில் வந்தாலும் தயவுசெய்து ஓடிவிடுங்கள்.