மூடியைத் திறக்காதை

ஸ்ட்ரெதம் காமனை ஒட்டிய ரூக்கரி தோட்டத்தில் ஒரு பழைய கிணறு இருக்கிறது. 1659இல் இந்தப் பக்கம் கண்டறியப்பட்ட தாது ஊற்றுகளைத் தேடி ஒரு காலத்தில் லண்டன்வாசிகள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். குடித்தால் வயிறு சுத்தமாகும், நோய் தீரும் என்று நம்பினார்கள். இன்று அந்தத் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. அங்கிருந்து நடக்கும் தூரத்தில், மாடிக் குடியிருப்பு ஒன்றின் சமையலறையில், வேறொரு மருந்து நீர் அடுப்பில் ஏறிக்கொண்டிருந்தது.

அந்த வீட்டு அன்ரிக்கு எழுபது தாண்டிவிட்டது. யாழ்ப்பாணத்தில் தாயிடம் கற்ற கைமருந்தைப் பேரப்பிள்ளைகளுக்கும் தெரிந்த சில வீடுகளுக்கும் செய்து கொடுக்கிறார், காசு வாங்குவதில்லை. ஜன்னலோரம் கற்பூரவள்ளியும் துளசியும் தொட்டிகளில் நிற்கின்றன. உறைபனி பட்டால் கருகிவிடும் என்பதால் குளிர்காலம் முழுக்க அவற்றுக்கு வீட்டுக்குள்தான் வாசம். இந்த இலைகள் கிருமியைக் கொல்கின்றனவா என்ற கேள்வியோடு நான் போயிருந்தேன். அவர் கைகளைப் பார்க்கப் பார்க்கக் கேள்வியே மாறிப்போனது.

தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்தார். அதன்பிறகே கற்பூரவள்ளியைக் கிள்ளிப் போட்டு மூடினார். நிறம் பார்க்க நான் கை நீட்டியதும் தடுத்தார்: “மூடியைத் திறக்காதை பிள்ளை. மணம் போனால் மருந்தும் போயிடும்.” அந்த மணத்தில் இருப்பவை கார்வக்ரோல், தைமோல் போன்ற எண்ணெய்ப் பொருள்கள். பாக்டீரியாவின் உறையைச் சிதைக்கும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு என்று ஆய்வுக்கூடங்கள் காட்டியிருக்கின்றன. ஆனால் அவை ஆவியாகிப் பறப்பவை. மூடி இல்லாமல் தளதளவென்று கொதிக்கவிட்டால் பெரும்பகுதி கூரைக்குப் போய்விடும்.

பூண்டிலும் இதே கவனம். “உள்ளியைக் குத்தினவுடன சட்டிக்க போடக்கூடாது, கொஞ்ச நேரம் வைக்கோணும்.” முழுப் பல்லில் அல்லிசின் கிடையாது. நசுங்கும்போது அல்லீன் என்ற பொருளும் ஒரு நொதியும் கலந்து அது உருவாகிறது. நசுக்கியதுமே சூடேற்றினால் நொதி செத்துவிடும், அல்லிசின் பிறக்காது. அவர் காத்திருக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் மருந்தே.

ஆய்வுகளில் எனக்கு உள்ள குறை இங்கேதான். இலையை உலர்த்தி, மெத்தனாலிலோ எத்தனாலிலோ சாறெடுத்து, காகித வட்டில் நனைத்து, கிருமி வளரும் தட்டில் வைத்து, சுற்றிலும் தெளியும் வளையத்தை அளக்கிறார்கள். எந்த வீட்டில் மெத்தனால் சாறு குடிக்கிறார்கள்? அந்த வளையத்தைக் காட்டி நம் தம்ளருக்குப் பெருமை சேர்ப்பதும் அதே அளவு தவறு. மஞ்சளின் குர்க்குமின் தண்ணீரில் கரைவதே அரிது, குடலும் அதைச் சொற்பமாகவே உள்வாங்கும். தட்டில் கிருமியைத் தடுக்கும் செறிவு இரத்தத்தில் கிடைப்பதில்லை.

செய்முறையோடு சேர்த்துச் சோதித்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த நாட்டிலேயே நல்ல சான்று உண்டு. பத்தாம் நூற்றாண்டு ஆங்கிலேய மருத்துவ ஏடான ‘பால்ட்’ சுவடி லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதிலுள்ள கண் மருந்தை 2015இல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தினர் சொன்னபடியே செய்தார்கள்: பூண்டு, வெங்காய இனம், திராட்சை மது, மாட்டுப் பித்தம், ஒன்பது இரவு ஊறல். பல மருந்துகளுக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ கிருமியை அது கொன்றது. 2020இல் வார்விக் பல்கலைக்கழக ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: கூட்டமாய்ப் படலம் கட்டிய கிருமிகளை எந்தத் தனிப் பொருளாலும் அப்படி அழிக்க முடியவில்லை, முழுக் கலவை தேவைப்பட்டது. அன்ரியின் மூடி போட்ட பாத்திரமும் அப்படி ஒரு சோதனைக்கு உரியது என்று உறுதியாக நம்புகிறேன்.

தடிமனுக்கு அவர் கொடுப்பது வறுத்த மல்லியும் இஞ்சியும் அவித்த தண்ணீர். தடிமன் பெரும்பாலும் வைரசால் வருவது. பாக்டீரியாவைக் கொல்லும் எதுவும் அதைத் தீர்க்காது. ஆனால் சூடான நீர் தொண்டைக்கு இதம் தருகிறது, தேவையில்லாத ஆன்டிபயாட்டிக்கைத் தள்ளிப்போட உதவுகிறது. இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸே 2018இல் இருமலுக்கு முதலில் தேனைப் பரிந்துரைத்தது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தேன் கூடாது. அன்ரிக்கு அதுவும் தெரியும்.

அவருடைய திறமையில் பாதி, மறுப்பதில் இருக்கிறது. வருபவர் என்ன மாத்திரை எடுக்கிறார் என்று முதலில் கேட்கிறார். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு எதுவும் கொடுப்பதில்லை. காய்ச்சல் நீடித்தாலோ மூச்சு இழுத்தாலோ டாக்டரிடம் துரத்துகிறார். காதுவலிக் குழந்தையைப் பார்மசிக்கு அனுப்புகிறார். 2024 ஜனவரி முதல் இங்கிலாந்தில் காதுவலி, தொண்டைவலி உட்பட ஏழு உபாதைகளுக்கு அங்கேயே சிகிச்சை பெறலாம்.

மல்லியும் மஞ்சளும் வாங்க அவர் 57ஆம் பஸ் பிடித்து டூட்டிங் போவார். ஆடாதோடை இலை மட்டும் அவருக்கு அகப்படுவதில்லை. சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் மாத்திரை, அதிலுள்ள வாசிசினிலிருந்து உருவானது. கிருமியைக் கொல்லாமலே ஒரு மூலிகை உதவ முடியும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை. பாக்கெட்டில் தூளாகக் கிடைக்குமே என்றேன்.

“இலையெண்டால் எனக்குத் தெரியும். தூளாக்கினதை எப்பிடி நம்பிப் பிள்ளையளுக்குக் குடுக்கிறது?” என்றார்.