பத்துப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசான்



மரக்காணத்து உப்பளக் கரையில் நம்மிடம் ஓதும் பிள்ளைகளுள் பெரும்பாலோர் பகலில் அரசு நடுநிலைப் பள்ளியில் பயில்கின்றனர். "ஹஜ்ரத், அங்கே பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள், எல்லா வீட்டுப் பிள்ளைகளும் கலந்துதான் உட்காருகிறார்கள். தனியார் பள்ளியில் சேர்த்துவிடலாமா?" எனப் பெற்றோர் சிலர் நம்மிடம் வினவுகின்றனர். விடை கூறுமுன் ஒரு கணக்கைப் பார்ப்போம்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 1 முதல் 5 வரையிலான வகுப்புகளில் மொத்தம் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். 61 ஆனால் மூவர். 6 முதல் 8 வரை 35 பேருக்கு ஒருவர். முப்பது பேருக்கு ஓர் ஆசிரியர் என்பது கேட்க இனிது. ஆயினும் ஐந்து வகுப்புகளை இருவர் பகிர்ந்துகொண்டால், ஒருவர் மூன்று வகுப்புகளை ஒரே நேரத்தில் கவனிக்க நேரிடும். ஆகவே நாம் ஒரு பிள்ளையை விலக்கிக்கொள்வது, எஞ்சியோரின் ஆசிரியரையும் விலக்குவதாக முடியலாம். எஞ்சியோர் யாவர்? விடியுமுன் உப்பளத்திற்குச் செல்வோரின் மக்களும் மீனவர் மக்களும். அவர்கள் நம் அண்டை வீட்டார். அவர்களுக்கு நம்மீது ஹக் உண்டு.

கொரோனாவால் நேர்ந்த கற்றல் இழப்பை ஈடுசெய்ய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று இதே மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில்தான் தொடங்கப்பட்டது. இருபது பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர், மாலை நேர வகுப்பு. மக்தப் நேரத்தோடு அது மோதியபோது, நாம் ஓதும் நேரத்தைப் பஜ்ருக்குப் பின் மாற்றிக்கொண்டோம். இரு கல்வியும் தடைபடவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

ஹிஜ்ரி 2இல் பத்ருப் போரின் கைதிகளுள் ஈட்டுத்தொகை இல்லாதோர், பத்துச் சிறார்க்கு எழுதப் படிக்கக் கற்பித்தால் விடுதலை பெறலாம் என நபி (ஸல்) அவர்கள் அனுமதித்ததாக வரலாற்று நூல்கள் உரைக்கின்றன. ஆசான் முஸ்லிமல்லர், நேற்றுவரை பகைவரும்கூட. ஆயினும் அவரிடம் எழுத்தைக் கற்பது இழிவாகக் கருதப்படவில்லை. அவ்வாறிருக்க, அன்போடு கற்பிக்கும் அரசுப் பள்ளி ஆசிரியரிடம் நம் பிள்ளைகள் பிறரோடு கலந்து அமர்வதில் குறை ஏது?

எனவே பெற்றோரே, விலகுமுன் பள்ளி மேலாண்மைக் குழுவில் அமருங்கள். சட்டப்படி அதன் உறுப்பினருள் முக்கால் பங்கினர் பெற்றோரே. பாதிப் பேர் பெண்கள். வருகைப் பதிவில் எத்தனை பெயர், ஆசிரியர் எத்தனை பேர் எனக் கேளுங்கள். ஒரு பிள்ளை கூடினால் ஓர் ஆசிரியர் கூடக்கூடும்.

நம் சந்ததிகளுக்கும் அண்டை வீட்டுச் சந்ததிகளுக்கும் பயனுள்ள கல்வியை அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.