மணிமங்கலத்தில் டேலி ஆகாத கணக்கு

பி.காம் படிக்கிறவனுக்குப் போரைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்காதீர்கள். எங்கள் ஒரகடம் பக்கத்து மணிமங்கலத்தைக் கடக்கும்போதெல்லாம் இது ஞாபகம் வரும்.

642 வாக்கில் பல்லவன் நரசிம்மவர்மன், சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியை இங்கே தோற்கடித்தான். பரியலம், சூரமாரம் களங்களிலும் அப்படியே. ஓடிய புலிகேசியின் முதுகையே பட்டயமாக்கி 'வெற்றி' என்று எழுதினானாம்! சொல்வது பல்லவர்களின் கூரம் செப்பேடு.

சாளுக்கியர்களின் 634ஆம் வருட ஐஹொளே கல்வெட்டோ, பல்லவன்தான் காஞ்சி மதிலுக்குள் பதுங்கினான் என்கிறது. அது முந்தைய போர். அவரவர் ஜெயித்தது மட்டும் அவரவர் கல்லில்!

இங்கிலாந்திலும் இதே கதைதான். 1485ல் பாஸ்வொர்த் போரில் மூன்றாம் ரிச்சர்டு செத்தார். ஜெயித்த டியூடர்களின் காலத்தில் அவரைக் கூனனாகவே எழுதிவிட்டார்கள். 2012ல் லெஸ்டரில் ஒரு கார் பார்க்கிங்குக்கு அடியில் அவர் எலும்புக்கூடு கிடைத்தது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது நிஜம். கூன் இல்லை.

பேங்க் ரீகன்சிலியேஷன் போட்டவர்களுக்குத் தெரியும். நம் கேஷ் புக்கை மட்டும் நம்பக்கூடாது, பாஸ் புக்கையும் பக்கத்தில் வைக்க வேண்டும்.

அப்பா ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் தொழிலாளி. போன வருடம் வேலை போனது. 'சொந்த விருப்பத்தில் விலகினார்' என்கிறது அவர்கள் பேப்பர். அப்பாவிடம் செப்பேடு எதுவும் இல்லை.

அதனால் நான் எழுதி வைக்கிறேன். அவர் விலகவில்லை. நிறுத்தினார்கள்.