திரையிற் கண்ட தேயம்

விளையாட்டு என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே முகஞ்சுளிக்கும் பெரியோர் பலருளர். காலத்தைக் கொல்வது, கண்ணைக் கெடுப்பது, கல்விக்குப் பகையாவது என்று அவர் கூறுங் குற்றங்கள் முற்றும் பொய்யல்ல. எனினும், இக்கலாசாலையில் யாம் மூன்றாண்டு கற்றவற்றுள் இன்றளவும் நெஞ்சைவிட்டு அகலாத பாடமொன்று, வகுப்பறையிலன்றி, ஒரு கணிப்பொறித் திரையின்முன், அதுவும் ஒரு விளையாட்டின் வாயிலாகவே எமக்குக் கிட்டியது. அதனை இங்குப் பயிலும் மாணவர்க்கும், ஆசிரியப் பெருமக்கட்கும், எம்போன்ற பழைய மாணவர்க்கும் உரைத்தல் பயனுடைத்தென எண்ணி இதனை வரையலானோம். ‘யாம்’ என்பது ஈண்டு ஒருவர் தம்மைப் பெருமைப்படுத்திக் கூறும் பன்மையன்று. 2008 முதல் 2011 வரை விடுதியில் ஓரறையில் உறைந்த நால்வரும் கூடியே இதனை எழுதுகின்றோம். எம்முள் ஒருவர் இல்லத்துச் செய்தி இதில் வருதலின், அவரும் அவர்தம் தமக்கையாரும் இசைந்த பின்னரே எழுதத் துணிந்தோம்.

2009-ஆம் ஆண்டு ஐப்பசி மாதம்; அடைமழை. மைதானத்தில் நீர் தேங்கியமையால் பந்தாட்டம் இல்லை. ஒரு சனிக்கிழமைப் பிற்பகல் யாம் கணிப்பொறிக் கூடத்திற் சென்று அமர்ந்தோம். பொருளாதார ஆசிரியர் முந்தின நாள் வகுப்பில், “வறுமையைப்பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள், ஓர் ஆண்டு ஓர் ஏழைக் குடும்பத்தை நடத்திப் பாருங்கள், பின்பு எழுதலாம்” என்று கூறி, ஒரு விளையாட்டின் பெயரைக் கரும்பலகையில் எழுதியிருந்தார். ‘அயிட்டி: வாழ்வின் விலை’ என்பது அதன் பெயர். அயிட்டி என்பது கரீபியக் கடலிலுள்ள ஹைட்டி தேயத்தார் தம் தாய்மொழியிற் தம் நாட்டிற்கு வழங்கும் பெயராம்.

இவ்விளையாட்டு தோன்றிய வரலாறு அறியத்தக்கது. நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியிலிருந்த சௌத் ஷோர் உயர்நிலைப்பள்ளி மாணவர் சிலர், ‘குளோபல் கிட்ஸ்’ என்னும் இளைஞர் அமைப்பின் துணையோடும், ‘கேம்லாப்’ என்னும் விளையாட்டு நிறுவனத்தாரின் தொழிற்றிறத்தோடும் இதனை வகுத்து 2006-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வறுமையானது கல்வியை எவ்வாறு தடுக்கின்றது என்பதே அவர் எடுத்துக்கொண்ட பொருள். திரையில் ஹைட்டி நாட்டுப்புறத்துக் குடும்பமொன்று தோன்றும். தாய், தந்தை, மக்கள் மூவர். ஆண்டொன்றுக்கு நான்கு பருவமாக நான்கு ஆண்டு அவர்களை நடத்துதல் விளையாடுவோன் கடமை. யார் உழைக்கச் செல்வது, யார் பள்ளி செல்வது, நோயுற்றவரை மருத்துவச்சாலைக்கு அனுப்புவதா, வீட்டிற் படுக்கவைப்பதா என்றெல்லாம் பருவந்தோறும் தீர்மானித்தல் வேண்டும். தொடக்கத்திலேயே பணம், கல்வி, உடல்நலம், மகிழ்ச்சி என்னும் நான்கனுள் எதனை முதன்மையாகக் கொள்வாய் என்றொரு வினாவும் உண்டு.

யாம் முதலிற் பணத்தையே தேர்ந்தோம். பணமிருப்பின் ஏனைய மூன்றும் தாமே வந்தெய்தும் என்பது எம்முள் வணிகவியல் பயின்றவர் துணிபு. ஐவரையும் வேலைக்கு ஏவினோம். முதலிரு பருவம் கையிருப்பு உயர்ந்தது, யாம் ஆரவாரித்தோம். பின்னர் மழைக்காலம் வந்தது. ஒருவர்பின் ஒருவராக நோயில் வீழ்ந்தனர். ஈட்டியதெல்லாம் மருந்திற் கரைந்தது. இறுதியில் தந்தை மாண்டான். அது கண்டும் யாம் நகைத்தோம் என்பதை இன்று நாணத்தோடு கூறுகின்றோம். படமாயிருந்தமையின் நகைத்தோம்.

இரண்டாம் முறை கல்வியைத் தேர்ந்தோம். மக்கள் மூவரையும் பள்ளிக்கு விடுத்தோம். ஈராண்டு செல்லுமுன்னர்ப் பள்ளிச் சம்பளத்துக்கும் மருந்துச் செலவுக்கும் கையிருப்பு இடங்கொடுக்கவில்லை. யாரேனும் ஒருவரை நிறுத்தியே ஆகவேண்டும். “பெண்ணை நிறுத்திவிடுவோம்; பையன்கள் படிக்கட்டும்” என்று எம்முள் ஒருவர் கூற, மற்றை இருவரும் மறுவார்த்தையின்றி இசைந்தோம். சுட்டியை ஒருமுறை அழுத்தினோம். அச்சிறுமி பள்ளியை விட்டு வேலைத்தலம் சென்றாள். அப்பொழுது எம்முள் நான்காமவர் நாற்காலியினின்றும் எழுந்தார். “நீங்கள் இப்பொழுது நிறுத்தினீர்களே, அவள் என் அக்காள்” என்றார். வேறொன்றும் கூறாது மழையில் இறங்கி விடுதிக்கு நடந்தார்.

ஓராண்டுக்கு மேலாக அவரோடு ஓரறையில் உண்டு உறங்கியிருந்தும் யாம் அறியாதிருந்த செய்தியை அன்றிரவு அறிந்தோம். அவர் தந்தையார் செங்கற்சூளையில் வேலை செய்தவர்; நெஞ்சு நோயால் படுத்த படுக்கையானார். வீட்டிற் பிள்ளைகள் இருவர். ஒருவரையே படிக்கவைக்க இயலும். தமக்கையார் அப்பொழுது ஏழாம் வகுப்பு. வகுப்பில் முதல்வராய் இருந்தவர் அவர். தம்பியார் அத்துணைக் கெட்டிக்காரர் அல்லர். ஆயினும், “பையன் படித்தால் குடும்பம் கரையேறும்” என்று ஊரார் கூறினர். தாயார் அழுதுகொண்டே இசைந்தார். சிறுமி பன்னிரண்டாம் பிராயத்திற் தலையிற் பலகை வைத்துக் கல் சுமக்கலானாள். எம் நண்பருடைய விடுதிச் சம்பளமும் அந்தச் சூளையிலிருந்தே மாதந்தோறும் வந்துகொண்டிருந்தது. “அவள் இன்றுவரை என்னை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இத்துணை பாரம் இராது” என்றார். யாம் வாய் திறந்திலேம்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் சென்ற நண்பர், விளையாட்டைப்பற்றித் தமக்கையாரிடம் ஒருவாறு எடுத்துக் கூறினாராம். அவர் சினக்கவும் இல்லை, வருந்தவும் இல்லை. சிறிது நேரம் எண்ணியிருந்து, “தம்பி, அந்தப் பிள்ளையைத் திரும்பவும் பள்ளிக்கூடம் அனுப்ப அதிலே வழி உண்டா?” என்று வினவினாராம். உண்டு, கையிற் பணம் சேர்ந்தாற் பின்வரும் பருவத்தில் அனுப்பலாம். அவ்விடையைக் கூறியபின் இருவரும் ஒருவரையொருவர் நோக்கி வாளா இருந்தனராம். விடுதிக்கு மீண்ட நண்பர் எம்மிடம் வேண்டியது ஒன்றே: தனித்தேர்வராய் எட்டாம் வகுப்புத் தேர்வெழுதுவதற்கு உரிய விதிகளைக் கேட்டறிந்து வரவேண்டுமென்பது. கேட்டோம், பழைய புத்தகங்கள் திரட்டினோம், நால்வரும் முறைவைத்துப் பாடக்குறிப்புக்கள் எழுதி அனுப்பினோம். முதன்முறை கணக்கிற் தவறினார்; மறுமுறை தேறினார். அதற்குமேற் படிக்கக் குடும்பநிலை இடந்தரவில்லை. இக்கதை வெற்றியில் முடிந்ததென யாம் கூறோம். இன்று அவர் மகள் உயர்நிலைப்பள்ளியிற் படிக்கின்றாள் என்பதும், அவளை நிறுத்தும் பேச்சு அவ்வீட்டில் ஒருபோதும் எழாது என்பதும் மட்டுமே யாம் உறுதியாகக் கூறவல்லேம்.

அவ்விடுமுறை கழிந்து கலாசாலை திறந்த சில நாட்களில், 2010-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12-ஆம் நாள், ஹைட்டியில் நிலம் நடுங்கிற்று. தலைநகராகிய போர்ட்டோ பிரின்ஸ் இடிந்து வீழ்ந்தது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனரென்று அந்நாட்டு அரசினர் பின்னர் அறிவித்தனர். உணவுச்சாலையில் நாளிதழைச் சூழ்ந்து நின்றோர், அது எந்தக் கண்டத்தின்கண் உள்ளதென்று வினவிக்கொண்டிருந்தனர். எமக்கோ, அறிந்த வீடொன்று இடிந்தாற்போல் இருந்தது. மெய்யாகவே யாம் அறிந்தது ஒரு சித்திரக் குடிசையையும், பெயரளவான ஐவரையுமே. எனினும் அவர் பொருட்டு விடுதியார் அனைவரிடமும் பேச எமக்கு நா எழுந்தது. ஓர் இரவு உணவை நீத்து, அதன் செலவை நிவாரணத்துக்கு அனுப்பினோம். சிறிய தொகையே, ஆயினும் அத்தேயத்தின் பெயரைப் பிழையின்றி எழுத விடுதியார் அன்று கற்றனர்.

இனி இதன் மறுபக்கத்தையுங் கூறல் நேர்மையாம். நிலநடுக்கத்தின்பின் யாம் நூல்நிலையத்தில் ஹைட்டியின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். அடிமைகளாயிருந்தோர் 1791-இற் கிளர்ந்தெழுந்து, 1804-இல் தம்மைச் சுதந்தர நாட்டினராக அறிவித்த நாடு அது. 1825-இற் பிரெஞ்சு மன்னன் பத்தாம் சார்லஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, அச்சுதந்தரத்தை ஒப்புக்கொள்வதற்கு விலையாக 15 கோடி பிராங்கு கேட்டான். தம்மை விலைக்கு வாங்கியிருந்தவர்க்குத் தாமே இழப்பீடு கொடுக்கவேண்டியவராயினர் விடுதலை பெற்றோர்! அத்தொகை பின்னர் 9 கோடியாகக் குறைக்கப்பட்டதாயினும், அதனைக் கட்டுதற்கு வாங்கிய கடன்களின் சுமை இருபதாம் நூற்றாண்டிலும் நீங்கவில்லை. யாம் ஆடிய விளையாட்டிலோ இக்கடன் எங்கும் தோன்றவில்லை. அதில் வறுமை என்பது ஒரு தாயும் தந்தையும் பருவந்தோறும் செய்யும் தேர்வுகளின் விளைவாகவே நின்றது. தேர்வதற்குரிய வழிகளை அத்துணைக் குறுகச் செய்தவர் யாவர் என்னும் வினா திரைக்கு வெளியே நின்றுவிட்டது. செங்கற்சூளையின் கணக்கும் அத்தகையதே. ஒரு தாய் மகளை நிறுத்தினாள் என்பது கண்ணுக்குத் தெரியும். நோயுற்றவனுக்கு ஊதியமில்லை என்னும் விதியை வகுத்தவர் கண்ணுக்குத் தெரியார்.

இத்தகைய விளையாட்டுக்கள் புதியனவுமல்ல, சிலவுமல்ல. அமெரிக்க அறிஞர் பக்மின்ஸ்டர் புல்லர், போர்ப்பயிற்சிக்கு விளையாட்டுண்டாயின் உலகச் செல்வத்தை எல்லார்க்கும் பகிர்ந்தளிக்கவும் விளையாட்டொன்று வேண்டுமெனக் கருதி, 1960-களில் ‘உலக விளையாட்டு’ என்பதனை வகுத்தார். வர்ஜீனியா நாட்டுப் பள்ளியாசிரியர் ஜான் ஹன்டர் 1978 முதல் சிறுவர்க்கு நடத்திவந்த ‘உலக அமைதி விளையாட்டு’க்குத் திரையும் இல்லை, மின்சாரமும் வேண்டுவதில்லை, அடுக்கடுக்கான பலகைகளும் பொம்மைகளுமே போதும். ஐக்கிய நாடுகளின் உலக உணவுத் திட்டத்தார் 2005-இல் வெளியிட்ட ‘புட் போர்ஸ்’ என்பதில், இந்துமாக்கடலிலுள்ள கற்பனைத் தீவொன்றிற் பஞ்சமும் போரும் வருத்த, ஆறு பணிகளால் அங்குள்ளார்க்கு உணவளித்தல் வேண்டும். அரிசி, பயறு, எண்ணெய், சர்க்கரை, உப்பு ஆகியவற்றைக் குறைந்த விலையில் நிறைந்த சத்துண்டாகக் கூட்டுதல் அவற்றுள் ஒன்று. 2012-இற் தொடங்கிய ‘பிளாக் பை பிளாக்’ என்னும் முயற்சியில், ‘மைன்கிராப்ட்’ என்னும் கட்டட விளையாட்டைக்கொண்டு ஏழை நகர்ப்புறங்களில் வாழ்வோர் தம் பூங்காவையும் தெருவையும் தாமே திரையில் அமைத்துக் காட்டுகின்றனர். இதனை யாம் சிறப்பித்துக் கூறுவதற்குக் காரணமுண்டு: இங்கே பிறர் துயரை ஆடிப் பார்ப்போர் இலர், தம் இடத்தைத் தாமே வரைவோரே உளர்.

இவ்வுலகங்கள் நிலைபேறற்றவை என்பதும் அறியத்தக்கது. குளோபல் கிட்ஸ் அமைப்பின் இளைஞர் ‘டீன் செகண்ட் லைப்’ என்னும் கற்பனையுலகில் ஒரு தீவையே கொண்டு உலக விவகாரங்களை ஆராய்ந்துவந்தனர். அவ்வுலகு 2011-ஆம் ஆண்டின் தொடக்கத்திற்குள் மூடப்பட்டது. யாம் ஆடிய விளையாட்டை இயக்கிய ‘பிளாஷ்’ என்னும் கருவிக்கு அதன் உரிமையாளராகிய அடோபி நிறுவனத்தார் 2020-ஆம் ஆண்டின் இறுதியோடு ஆதரவை நிறுத்தினர். அக்குடிசையும், அச்சிறுமியும், யாம் செய்த பிழையும் பழைய திரையினின்றும் மறைந்தன. எம் உள்ளத்தினின்றும் மறைந்தில.

ஆதலின் ஆசிரியப் பெருமக்கட்கு ஒரு விண்ணப்பம். இவ்வகை விளையாட்டுக்களை வகுப்பிற் புகுத்துதல் நன்று; ஆயின் ஆட்டம் முடிந்தவுடன் மணியடித்து மாணவரை வெளியே அனுப்புதல் நன்றன்று. எமக்குப் பாடம் தொடங்கியது ஆட்டம் நின்றபொழுது; ஒருவர் எழுந்து சென்றபொழுது. அடுத்திருப்போர் யாவர், அவர் எதனைக் கடந்து இவ்விருக்கைக்கு வந்தார் என்று பேசுதற்கு இடமும் பொழுதும் வேண்டும். இவ்விளையாட்டின் விதிகளை வகுத்தவர் யாவர், எதனை விடுத்தனர் என்றும் வினவுதல் வேண்டும். இயலுமாயின், மாணவர் தாமே ஒன்றை வகுத்துப் பார்க்கட்டும். யாம் ஒருநாள் ஆடி அறிந்ததினும், அதனைச் செய்த புரூக்ளின் மாணவர் அறிந்தது பன்மடங்கு மிகுதியாயிருக்கும் என்பதில் எமக்கு ஐயமில்லை.

மாணவ நண்பர்காள்! நுமக்கும் ஒரு சொல். திரையில் ஆட்டம் தோற்றால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம். நிறுத்திய பிள்ளையை ஒரு விரலசைவிற் பள்ளிக்கு மீட்கலாம். நும் விடுதிச் சம்பளம் எந்தச் சூளையிலிருந்து, எந்த வயலிலிருந்து, யாருடைய நிறுத்தப்பட்ட படிப்பிலிருந்து வருகின்றதென்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எண்ணியபின், அவ்வொருவர்க்கு ஒரு கடிதமேனும் எழுதுங்கள்.

எம் நண்பர் இன்று ஓர் அரசாங்கப் பள்ளியில் ஆசிரியர். ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் முதல் வாரத்தில், சென்ற ஆண்டு வந்து இவ்வாண்டு வாராத பிள்ளைகளின் பெயர்களைக் குறித்துக்கொண்டு வீடுவீடாகச் செல்லுகின்றார். அப்பெயர்களுட் பெண்பிள்ளைகளின் பெயர்களையே அவர் முதலில் எழுதுவது வழக்கம்.