கட்டுக்கரையின் சிறுபோகம்

மன்னார் என்றதும் பலருடைய நினைவில் எழுவன கடலும் கடலைச் சார்ந்தவையுமே. அரிப்புக் கரையோரத்து முத்துக்குளிப்பு, தலைமன்னார்த் துறை, தீவிலே பருத்து நிற்கும் பெருக்க மரம், பாடல் பெற்ற திருக்கேதீச்சரம் என்று சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் மன்னாருக்குச் சோறிடுவது கடலன்று. தீவுக்கு எதிரே பெருநிலத்தில் பரந்து கிடக்கும் கட்டுக்கரைக் குளமாகும். மெடவாச்சியிலிருந்து மன்னாருக்குச் செல்லும் நெடுந்தெருவில் முருங்கனை அணுகும்போதே வயல்கள் விரியத் தொடங்கும். அவ்வயல்களுக்கெல்லாம் தாய் இக்குளமே.

ஆகஸ்ட் மாதத்தில் அங்கு செல்பவர் குளத்தை அதன் முழுப் பொலிவுடன் காண இயலாது. மாரிகாலத்தில் நீர் நிறைந்து வான் பாயும் குளம், அப்போது உள்வாங்கி ஒடுங்கியிருக்கும். சோளகக் காற்று ஓயாது வீசும். நேற்றுவரை அலைகரையாக இருந்த இடத்தில் மாடுகள் மேயும். எஞ்சிய நீரைச் சூழ்ந்து கொக்கும் நாரையும் நீர்க்காகமும் காத்திருக்கும். 1954-ஆம் ஆண்டிலிருந்து இது பறவைகளுக்குரிய சரணாலயமுமாகும்.

இத்தகைய ஓர் ஆகஸ்ட் மாதத்தில், மடு அன்னையின் ஆவணித் திருவிழா முடிந்த மறுவாரம், உடன்பிறந்தார் நால்வரும் எங்கள் தாயாரின் பொருட்டு அடம்பன் பக்கத்துக் கிராமத்து வீட்டில் ஒன்றுகூடினோம். அண்ணர் ரொறன்ரோவிலிருந்தும், அக்கா பாரிஸிலிருந்தும், நான் கொழும்பிலிருந்தும் சென்றிருந்தோம். தங்கை எங்கிருந்தும் வரவேண்டியிருக்கவில்லை. தாயாருக்குத் துணையாக அவ்வீட்டிலேயே இருப்பவள் அவள். அம்மாவுக்கு 84 வயது. நினைவு மங்கத் தொடங்கி நான்கு ஆண்டுகளாகின்றன. அவரை எங்கே, எவ்வாறு வைத்துப் பார்ப்பது என்பதைத் தீர்மானிக்கவே அக்கூட்டம்.

வீட்டில் நடந்ததைக் கூறுமுன் குளத்தின் கதையைச் சிறிது கூறவேண்டும். இதனை 5-ஆம் நூற்றாண்டில் ஆண்ட தாதுசேன மன்னனின் காலத்ததென்பர். 12-ஆம் நூற்றாண்டிலே முதலாம் பராக்கிரமபாகு இதனைத் திருத்தினான் என்பதும் வரலாறு. அருவியாற்றின் குறுக்கே தேக்கம் என்னுமிடத்தில் அணையிட்டு, வாய்க்கால் வழியே நீரைக் கொணர்ந்து குளத்தை நிரப்பினர். பிற்காலத்தில் அணை சிதைந்தது, வாய்க்கால் தூர்ந்தது, குளம் காடாயிற்று. 19-ஆம் நூற்றாண்டில் அதைக் கண்ட ஆங்கிலேயர் சிலர், பண்டையோர் நிலமட்டத்தைப் பிழையாகக் கணித்துவிட்டனர் என்றும், இக்குளத்தில் ஒருபோதும் நீர் ஏறியிராது என்றுங்கூட எழுதினர். நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர் நிலத்தை அளந்து பார்த்தபோது, பழையவர் கணக்கில் பிழையில்லை என்பது தெரியவந்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் திருத்த வேலைகள் தொடங்கின. பழைய கரையிலேயே மீண்டும் நீர் நின்றது. இன்றும் நூற்றுக்கு மேற்பட்ட சிறு குளங்களுக்கு இதன் வாய்க்கால்கள் நீர் கொண்டு செல்கின்றன.

வெறுமையாகத் தோன்றுவதைக் கண்டு, அங்கு எதுவும் இருந்ததில்லை என்று முடிவுகட்டுவது எளிது. மறதி நோயுற்ற முதியோரைப் பற்றியும் நாம் பெரும்பாலும் அவ்வாறே முடிவுகட்டிவிடுகிறோம்.

அண்ணர் வாசலில் வந்திறங்கியபோது அம்மா அவரை உற்றுப் பார்த்தார். “தம்பி, எப்ப வந்தனி? சாப்பிட்டியா?” என்று கேட்டார். அண்ணரின் முகம் மலர்ந்தது. சிறிது நேரத்தின்பின், “அப்பு வயலிலயிருந்து வந்திட்டாரே?” என்று அவர் கேட்டபோதுதான், அம்மா அவரைத் தம்முடைய இளைய சகோதரராக எண்ணியிருப்பது விளங்கிற்று. அப்பு என்றது எங்கள் பாட்டனாரை; அவர் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. எங்கள் பக்கத்தில் உடன்பிறந்த இளையவனும் தம்பி. பெற்ற மகனும் தம்பி. ஆகவே, பொய் கூறாமலே அண்ணர் அந்த விளிக்குச் செவிசாய்க்க முடிந்தது. பேரப்பிள்ளைகளோ, “நான் யார், சொல்லுங்கோ பார்ப்பம்” என்று ஒருவர் பின் ஒருவராக வந்து கேட்கத் தொடங்கினர். மூன்றாவது பிள்ளை கேட்டபோது அம்மா தலையைக் குனிந்து சேலைத் தலைப்பைத் திருகலானார். தங்கை பிள்ளைகளை அப்பால் அழைத்துச் சென்றாள். “பரீட்சை வைக்கக்கூடாது. உங்கட பெயரை நீங்களே சொல்லிக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருங்கோ” என்றாள். நூல்கள் பலவற்றில் உள்ள அறிவுரை அந்த இரண்டு வசனங்களில் அடங்கியிருந்தது.

பிரெஞ்சு உளநூலறிஞர் ரிபோ, நினைவின் நோய்களைப் பற்றி 1881-ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். அண்மையில் பதிந்தவை முதலில் அழிகின்றன. நெடுங்காலத்துக்கு முன் பதிந்தவை நெடிது நிலைக்கின்றன என்பது அவர் கண்ட நியதி. இதன் பின்னர், 1906-இல், ஜெர்மானிய வைத்தியர் அலோயிஸ் அல்ஸைமர் தம் நோயாளியான ஒரு பெண்ணின் மூளையில் கண்ட மாற்றங்களை அறிவித்தார். அவர் பெயரையே தாங்கிய அந்நோய்தான் இத்தகைய மறதிக்கு இன்று மிகப் பொதுவான காரணமாகும். 2021-ஆம் ஆண்டில் உலகில் 5 கோடியே 70 இலட்சம் பேர் மறதி நோயுடன் வாழ்ந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் எம்மைப் போன்ற வருவாய் குறைந்த, நடுத்தர நாடுகளில் உள்ளவர்கள்.

ரிபோவின் நியதியைக் குளக்கட்டிலே கண்டோம். மறுநாட் காலை அம்மாவை அங்கு அழைத்துச் சென்றோம். வீட்டில் சமையலறைக்கு வழி கேட்பவர், கட்டின்மேல் ஏறியதும் யாருடைய கையையும் பற்றாமல் நடந்தார். துருசு இருக்கும் திசையைக் காட்டினார். எந்த வாய்க்கால் எந்த வயலுக்குப் போகிறது என்று சொன்னார். 1964 டிசம்பர் 22, 23-ஆம் நாட்களில் வீசி, பாக்கு நீரிணைக்கு அப்பால் தனுஷ்கோடியை அழித்த பெரும்புயலைப் பற்றி, சென்ற கிழமை நடந்ததுபோலக் கூறினார். அன்றிரவு அப்பு கட்டுக்குக் காவல் போனார் என்றும், விடியும்வரை தாம் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார் என்றும் சொன்னார். காலையில் என்ன உண்டோம் என்பது அவருக்கு நினைவில்லை. ஆனால் அன்று மாலை செபமாலையில் ஒரு சொல் தவறவில்லை. அவர் முன்மொழிய, பாரிஸில் பிறந்த பேரப்பிள்ளைகள் தட்டுத்தடுமாறித் தொடர்ந்தனர்.

பழைய நினைவுகளில் இனியவை மட்டும் நிலைப்பதில்லை. பொழுது சாயும் வேளையில் அம்மாவிடம் ஒரு பதற்றம் தோன்றும். இரண்டு சேலை, ஒரு போர்வை, சிறிது அரிசி ஆகியவற்றை மூட்டையாகக் கட்டுவார். “பொழுது படப்போகுது, வெளிக்கிடுவம்” என்பார். மாலை நேரத்தில் குழப்பமும் அமைதியின்மையும் மிகுவது மறதி நோயாளரிடம் எங்கும் காணப்படுவதே. ஆயினும் எங்கள் தாயார் எங்கே புறப்படுகிறார் என்பதை வைத்திய நூல் கூறாது. மன்னாரின் அண்மைக்கால வரலாறு கூறும். 2007-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இப்பெருநிலத்தில் போர் நெருங்கியபோது அவரும் தங்கையும் மூட்டையுடன் புறப்பட்டனர். மடு, வன்னி, கடற்கரை என்று இடம்பெயர்ந்து, 2009-இல் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமை அடைந்து, அதற்கு அடுத்த ஆண்டிலேயே ஊர் திரும்பினர். ஊரார் பலருக்கும் இதே கதைதான்.

முதல்நாள் மாலை அக்கா, “சண்டை முடிஞ்சுது, அம்மா, இது எங்கட வீடு” என்று திரும்பத் திரும்ப எடுத்துரைத்தாள். அம்மாவின் பதற்றம் கூடியதேயன்றிக் குறையவில்லை. தங்கை வேறொன்று செய்தாள். “ஓமம்மா, வெளிக்கிடுவம்” என்று மூட்டையைத் தானே வாங்கிக்கொண்டு, அவரைக் கைப்பிடித்து வளவைச் சுற்றி, கோயிலடிவரை நடத்தி, மீண்டும் வாசலுக்குக் கொண்டுவந்தாள். “வந்து சேர்ந்திட்டம், அம்மா” என்றாள். விளக்கெரியும் வீட்டைக் கண்டு அம்மா ஆறுதலடைந்தார். நான்கு ஆண்டுகளாக ஒவ்வொரு மாலையும் இந்த யாத்திரை நடக்கிறது என்பதை அப்போதுதான் அறிந்தோம். இரவிலும் இரண்டு மூன்று தடவை அம்மா எழுந்து கதவைத் தேடுவார். ஆதலால் தங்கை ஓரிரவேனும் முழுமையாக உறங்கியதில்லை.

மூன்றாம் நாள் இரவு, அம்மா உறங்கியபின், முற்றத்தில் அமர்ந்து பேசினோம். கனடாவில் நல்ல வைத்திய வசதி உண்டு. தம்முடன் அழைத்துச் செல்லலாம் என்றார் அண்ணர். கொழும்பில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்து, செலவை மூவரும் ஏற்கலாம் என்றாள் அக்கா. அன்பின்றிச் சொன்ன வார்த்தைகளல்ல அவை. தங்கை மெலிந்திருந்ததை அவர்களும் கண்டிருந்தனர். சில குடும்பங்களுக்கு அத்தகைய ஏற்பாடே தகுந்ததாகவும் இருக்கும். ஆனால் பழகிய இடத்திலிருந்து பெயர்த்தெடுத்தால் குழப்பம் மிகக்கூடும் என்பது மறதி நோயாளரைப் பராமரிப்போர் நன்கறிந்தது. குளக்கட்டில் வழிகாட்டி நடந்தவர், ரொறன்ரோவின் அடுக்குமாடியில் எதைப் பிடித்து நடப்பார்?

அதுவரை மௌனமாக இருந்த தங்கையின் கணவர் அப்போது பேசினார். அவர் கமக்காரர். மாரியில் செய்யும் காலபோகத்துக்குக் குளம் நிறைந்திருக்கும். கோடையில் செய்யும் சிறுபோகத்துக்கு எஞ்சிய நீரே உண்டு. அதற்காகக் கமக்காரரும் அதிகாரிகளும் கூட்டங்கூடி, குளத்தில் நிற்கும் நீரை அளந்து, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், யாருக்கு எவ்வளவு காணி, எந்த முறையில் தண்ணீர் என்று தீர்மானிப்பர். “குளம் நிறைஞ்சிருந்த கணக்கை வைச்சுச் சிறுபோகம் விதைக்கேலாது. நிற்கிற தண்ணியைப் பார்த்துத்தான் காணியைப் பிரிக்கிறது. ஒருத்தன் மட்டும் இராப்பகலாக் காவல் நிண்டு தண்ணி கட்டவும் ஏலாது, முறை வைக்கவேணும்” என்றார்.

அவர் வயலைப் பற்றித்தான் பேசினாரா, வீட்டைப் பற்றியும் பேசினாரா என்று யாரும் கேட்கவில்லை. பேச்சு வேறு வழியில் திரும்பிற்று. அம்மா இங்கேயே இருப்பார். முறை மாறவேண்டியவர்கள் நாங்களே என்று முடிவாயிற்று. தை மாதத்தில் அண்ணர் ஒரு மாதம் வந்து தங்குவார். பள்ளி விடுமுறையில் அக்கா வருவாள். மாதத்தில் ஒரு வார இறுதியில் நான் கொழும்பிலிருந்து வரவேண்டும். இரவுத் துணைக்கு ஊரிலேயே ஒரு பெண்மணியை அமர்த்தி, அதற்கான சம்பளத்தை மூவரும் பகிர்ந்துகொள்வோம். இம்முறை நாட்களில் தங்கை பொறுப்பிலிருந்து முற்றாக விடுபடவேண்டும் என்பது அண்ணர் இட்ட நிபந்தனை.

இத்தகைய நிலையிலுள்ள வேறு குடும்பங்களுக்கும் பயன்படக்கூடிய சிலவற்றை ஈண்டுக் குறிப்பிடுவது தகும். மறதி தோன்றியதும் “வயதுதானே” என்று விட்டுவிடலாகாது. உயிர்ச்சத்து பி12 குறைவு, தைரொயிட் சுரப்பியின் கோளாறு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி ஏற்படலாம். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆகவே முதலில் வைத்தியரைக் காணவேண்டும். மறதி நோயே என்று தெரிந்தபின், அதை முற்றாக மாற்றும் மருந்து இல்லாவிடினும், பராமரிப்பால் ஆகக்கூடியது மிகுதி. இலங்கையில் லங்கா அல்ஸைமர் அறநிலையம் 2001-இல் கொழும்பில் நிறுவப்பட்டது. இந்தியாவில் 1992-இலேயே இத்துறைக்கென ஒரு சங்கம் தோன்றியது. ஆண்டுதோறும் செப்டெம்பர் 21 உலக அல்ஸைமர் தினமாகும். நோயாளரைப் போலவே அவரைப் பார்ப்பவரும் கவனிக்கப்படவேண்டியவர் என்பதை இவ்வமைப்புகள் வலியுறுத்துகின்றன. ஒரு வீட்டில் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் ஒரு மகளின்மேலோ மருமகளின்மேலோ சத்தமின்றி விழுந்துவிடுகிறது. தொலைவிலிருந்து வருவோர் பரிசுப் பொருள்களோடு, தங்கையரின் இரவுகளில் சிலவற்றைத் தாங்கள் வாங்கிக்கொள்ளும் ஆயத்தத்துடனும் வருவார்களாக.

அந்த முறை அன்றிரவிலிருந்தே தொடங்கிற்று. தங்கையை மன்னார்த் தீவிலுள்ள அவளுடைய பள்ளித் தோழியின் வீட்டுக்கு இரண்டு நாட்கள் அனுப்பிவைத்தோம். மறுநாள் மாலை மூட்டையை வாங்கிக்கொண்டு நடந்தவர் அண்ணர். கோயிலடியில் அம்மா நின்று, “தம்பி, தண்ணி வருகுதோ?” என்று கேட்டார். வாய்க்காலில் சிறுபோக நீர் ஓடிக்கொண்டிருந்தது. “வருகுது, வாங்கோ” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார் அண்ணர். மன்னாரில் தங்கை அன்று பிற்பகல் படுத்தவள், மறுநாள் காலை பத்து மணிக்கே எழுந்தாளாம்.